சின்ன லினக்ஸ் மேசையில் தமிழ் நிற்குமா?

துறைமுகம் (பட்டர்வொர்த்) | 14 அக்டோபர் 2025, இரவு 9:40

விண்டோஸ் 10-க்கு இன்றோடு ஆதரவு முடிகிறது. என்னிடம் இருப்பது பழைய திங்க்பேட் எக்ஸ்230. மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி போட்டாயிற்று. விண்டோஸ் 11 இதில் ஏறாது. லினக்ஸ் போடலாம் என்றால் எல்லோரும் "குறைவாக வை, ஸ்வே போடு, ஐ3 போடு" என்கிறார்கள். இரண்டும் சாளரங்களை அடுக்கித் தரும் சின்ன சாளர மேலாளர்கள். ஆனால் தினமும் தமிழில் எழுதுகிறவர்களுக்கு அதெல்லாம் சரிவராது என்பது என் கணிப்பு. கொம்பு தனியாக நிற்கும், கட்டம் கட்டமாக வரும், தட்டச்சு வேலை செய்யாது. தமிழ் வேண்டுமென்றால் ஜினோம் என்ற முழு மேசைச் சூழல்தான் கதி. தவறென்றால் சொல்லுங்கள்.

பாயான்முனை (பினாங்கு) | 14 அக்டோபர், இரவு 10:55

தவறுதான் தம்பி. ஜினோமில் தமிழ் ஒழுங்காக வருவதற்குக் காரணம் ஜினோம் அல்ல. எழுத்தைக் கோர்ப்பது ஹார்ஃப்பஸ். வரியாக அடுக்குவது பாங்கோ. எந்த எழுத்துரு என்று முடிவு செய்வது ஃபான்ட்கான்ஃபிக். நீங்கள் தட்டுவதைத் தமிழாக்குவது உள்ளீட்டுமுறை. இந்த நாலும் ஸ்வேயிலும் அதே நாலுதான். ஜினோம் இவற்றைக் கேட்காமலே சேர்த்துத் தருகிறது. சின்னச் சூழலில் நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்க்க மறந்ததைத்தான் பலரும் "வராது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பொதி (நிறுவும் நிரல் தொகுப்பு) எண்ணிக்கையைக் குறைப்பதை நான் குறைவு என்று எண்ணுவதில்லை. ஓடுகிற ஒவ்வொன்றும் எதற்காக ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 200 பொதியைக் கழித்துவிட்டு "கொ" உடைந்து நின்றால் அந்த மேசை பாதியில் நிற்கிறது என்றுதான் பொருள்.

படிப்படியாக எழுதுகிறேன். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுவேன், முனையத்தில் (கட்டளை தட்டும் திரையில்) ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

பாயான்முனை | 15 அக்டோபர், காலை 7:20

நிறுவல். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 13-ஆம் பதிப்பு, பெயர் ட்ரிக்ஸி. இந்த ஆண்டு ஆகஸ்டில் வந்தது. நெட்இன்ஸ்ட் படிமம் (மிச்சத்தை இணையத்திலிருந்து எடுக்கும் சின்ன நிறுவல் கோப்பு) போதும், ஒரு ஜிபிக்கும் குறைவு. யூஎஸ்பி குச்சியில் ஏற்றும் முன் எல்எஸ்பிஎல்கே கட்டளையால் எது குச்சி, எது வட்டு என்று அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். படிமத்தைக் குச்சியில் எழுதும் டிடி கட்டளை எதையும் கேட்காது, சொன்ன இடத்தில் எழுதிவிடும்.

நிறுவியில் இரண்டு இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

ஒன்று, ரூட் (கணினியின் தலைமைப் பயனர்) கடவுச்சொல் கேட்கும் இடம். அதைக் காலியாக விடுங்கள். அப்போதுதான் சூடோ (தலைமை அனுமதியோடு கட்டளை ஓட்டும் வழி) தானாக நிறுவப்பட்டு உங்கள் பயனர் அந்தக் குழுவில் சேர்வார். கடவுச்சொல் கொடுத்துவிட்டால் பிறகு சூடோ இல்லாமல் தவிப்பீர்கள்.

இரண்டு, மென்பொருள் தேர்வுப் பட்டியல். "டெபியன் மேசைச் சூழல்", "ஜினோம்" இரண்டின் குறியையும் எடுத்துவிடுங்கள். கடைசியில் இருக்கும் "வழக்கமான அமைப்புப் பயன்பாடுகள்" மட்டும் இருக்கட்டும்.

வைஃபை ஃபர்ம்வேர் (வைஃபை அட்டைக்குள் ஏற வேண்டிய சின்ன நிரல்) பற்றிப் பயம் வேண்டாம். டெபியன் 12 முதல் நெட்இன்ஸ்டிலேயே வருகிறது.

பாயான்முனை | 15 அக்டோபர், காலை 7:50

வைஃபை பற்றி எழுதியதில் ஒரு பாதி விடுபட்டது. நிறுவும்போது வைஃபை வழி போனால், அந்த இணைப்பின் பெயர் இடிசி அடைவில் நெட்வொர்க் உள்ளே இருக்கும் இன்டர்ஃபேஸஸ் கோப்பில் எழுதப்படக்கூடும். பிறகு நீங்கள் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜர் போட்டால், அது அந்த இணைப்பைத் தொடாது. "அன்மேனேஜ்டு" என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வன்பொருளில் கோளாறு இல்லை. அந்தக் கோப்பில் வைஃபைக்கான வரிகளின் முன் ஒரு # போட்டுவிட்டு மறுதொடக்கம் செய்தால் போதும்.

எக்ஸ்230-இல் ஈதர்நெட் துளை இருக்கிறது. கம்பி போட்டே நிறுவுங்கள், இந்தத் தலைவலியே வராது.

செந்தூல் (கோலாலம்பூர்) | 15 அக்டோபர், இரவு 8:15

துளை இல்லாத மெல்லிய மடிக்கணினிக்காரர்களுக்கு: கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் மாட்டி இணையத்தைப் பகிர்ந்தால் நிறுவி அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். கோலாலம்பூரின் லோயாட் கணினிக் கடைகளுக்குப் போய் அடாப்டர் வாங்க வேண்டியதில்லை.

அண்ணே, ஒரு கேள்வி. ஏன் ஸ்வே? ஐ3 2009-லிருந்து இருக்கிறது. ஐ3 ஓடும் பழைய திரைமுறையான எக்ஸ்11-இல் தமிழ் உள்ளீடு பழகிப்போன விஷயம். ஸ்வே ஓடும் புதிய முறையான வேலண்டில் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு மாதிரி.

பாயான்முனை | 15 அக்டோபர், இரவு 11:05

நியாயமான கேள்வி. இரண்டின் அமைப்புக் கோப்பும் ஏறத்தாழ ஒன்றே. ஐ3 கோப்பை ஸ்வே பெரும்பாலும் அப்படியே படிக்கும். ஸ்வேயைச் சொல்வதற்குக் காரணம், திரைக் கிழிசல், தொடுபலகை, இரண்டு திரைக்கு இரண்டு அளவு இதெல்லாம் தனி நிரல் இல்லாமலே அடங்கிவிடுகிறது. எக்ஸ்11-இல் அதற்கென்று பைகாம், லிப்இன்புட் அமைப்பு, எக்ஸ்ரேண்டர் ஸ்கிரிப்ட் என்று மூன்று சேரும்.

என்விடியா அட்டையும் அதன் மூடிய இயக்கியும் உள்ளவர்கள் ஐ3-யிலேயே இருங்கள். ஸ்வே அங்கே தொடங்கவே மறுக்கும். தனிக் கொடி (கட்டளையோடு சேர்க்கும் கூடுதல் சொல்) கொடுத்துத் தொடங்கினாலும் குறைகளை யாரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். எக்ஸ்230-இல் இன்டெல் வரைகலை மட்டும், அதனால் பிரச்சினை இல்லை.

ஐ3-யில் இருப்பவர்களுக்கு ஒன்று: எழுத்துரு வரியில் "பாங்கோ:" என்ற முன்னொட்டு கட்டாயம். அது இல்லையென்றால் பழைய எக்ஸ் எழுத்துருவைத் தேடும், சாளரத் தலைப்பில் தமிழ் வராது. "ஐ3-யில் தமிழ் வராது" என்ற பேச்சு பாதி இந்த ஒரு சொல்லால் பரவியது.

பாயான்முனை | 16 அக்டோபர், காலை 6:45

பொதிகள். ஸ்வே, ஸ்வேபிஜி, ஸ்வேஐடில் (சும்மா இருக்கும் நேரம் பார்ப்பது), ஸ்வேலாக் (திரைப்பூட்டு), ஃபூட் (முனையம்), ஃபசல் (செயலி தொடக்கி), வேபார் (திரைப் பட்டை), மாக்கோ-நோட்டிஃபையர், க்ரிம், ஸ்லர்ப், டபிள்யூஎல்-கிளிப்போர்டு, பிரைட்னஸ்சிடிஎல், நெட்வொர்க்-மேனேஜர், பைப்வயர்-ஆடியோ, எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல்-டபிள்யூஎல்ஆர், ஃபயர்ஃபாக்ஸ்-இஎஸ்ஆர். தமிழுக்கு: ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர், எஃப்சிட்எக்ஸ்5 (உள்ளீட்டுமுறை நிரல்), எஃப்சிட்எக்ஸ்5-எம்17என் (அதற்கான தமிழ் விசையமைப்புகள்).

"ஃபான்ட்ஸ்-நோட்டோ" என்று மொட்டையாகப் போடாதீர்கள். அது சீனம், ஜப்பான், கொரிய எழுத்துருக்களையும் சேர்த்து நூற்றுக்கணக்கான எம்பி இழுக்கும். கோர் போதும்.

"பரிந்துரைப் பொதிகள் வேண்டாம்" என்ற கொடியோடு ஆப்ட் (பொதி நிறுவும் கட்டளை) ஓட்டுவது சின்ன மேசைக்காரர்களின் பழக்கம். நானும் ஓட்டுகிறேன். ஆனால் ஒலிக்கு மட்டும் ஓட்டாதீர்கள். பைப்வயர்-ஆடியோ என்பது தொகுப்புப் பொதி. பல்ஸ் ஒப்புமை, வயர்பிளம்பர், புளூடூத் துண்டு எல்லாம் அதில் ஒன்றாக வரும். தனித்தனியாகப் பொறுக்கினால் கடைசியில் புளூடூத் காதொலிப்பான் மட்டும் இணையாமல் நிற்கும்.

துறைமுகம் | 16 அக்டோபர், இரவு 9:30

அண்ணே, போட்டேன். உள்நுழைந்து ஸ்வே என்று தட்டினால் வருகிறது. ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டுமா?

பாயான்முனை | 16 அக்டோபர், இரவு 9:52

உள்நுழைவுத் திரை எதுவும் தேவையில்லை. ஹோம் அடைவில் டாட்-புரொஃபைல் கோப்பின் (பெயர் புள்ளியில் தொடங்கும், உள்நுழைந்ததும் ஓடும்) கடைசியில் ஒரு நிபந்தனை: டிடிஒய் கட்டளையின் விடை முதல் முனையம் என்றால் ஸ்வேயைத் தொடங்கு. பலரும் அங்கே "எக்ஸெக் ஸ்வே" என்று எழுதச் சொல்வார்கள். முதல் வாரம் எக்ஸெக் வேண்டாம். அமைப்புக் கோப்பில் பிழை இருந்து ஸ்வே விழுந்தால், எக்ஸெக் உங்களை வெளியேற்றிவிடும். திரும்ப உள்நுழைந்தால் திரும்ப விழும். மாட்டிக்கொண்டவர்கள் கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2 அழுத்தி இரண்டாம் முனையத்தில் நுழைந்து திருத்துங்கள்.

பாயான்முனை | 17 அக்டோபர், காலை 7:10

எழுத்துரு. டாட்-கான்ஃபிக் அடைவில் ஃபான்ட்கான்ஃபிக் என்று ஒரு அடைவு, அதில் ஃபான்ட்ஸ்.கான்ஃப். சான்ஸ்-செரிஃப், செரிஃப், மோனோஸ்பேஸ் மூன்றுக்கும் முன்னுரிமைப் பட்டியல் எழுதுங்கள். ஆங்கில எழுத்துரு முதலில், அடுத்தது நோட்டோ சான்ஸ் தமிழ். வரிசையை மாற்றிப் போட்டால் ஆங்கில வரிகளின் எண்ணும் நிறுத்தக்குறியும் தமிழ் எழுத்துருவிலிருந்து வந்து பொருந்தாமல் நிற்கும்.

பிறகு எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்க எஃப்சி-கேஷ். சோதனைக்கு எஃப்சி-மேட்ச் கட்டளையில் சான்ஸ், மொழி டிஏ என்று கேளுங்கள். எந்த எழுத்துரு வருகிறது என்று சொல்லும்.

கண்ணால் சோதிக்க நான் வைத்திருக்கும் நாலு சொல்: கொக்கு, கௌதாரி, ஸ்ரீ, பக்ஷி. கொக்கில் கொம்பும் காலும் க-வை அணைத்து நிற்க வேண்டும். புள்ளிவட்டம் தெரிந்தால் கோர்ப்பு நடக்கவில்லை. கட்டம் தெரிந்தால் எழுத்துருவே இல்லை. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

லோகித் தமிழும் நல்ல எழுத்துருதான். ஆனால் அதில் தடித்த வடிவம் தனியாக இல்லை, கணினி போலியாகத் தடிப்பாக்கும். பக்கத் தலைப்பில் சுழிகள் அடைத்துக்கொண்டு ண-வும் ன-வும் மயங்கும். அதனால்தான் நோட்டோ.

பாயான்முனை | 18 அக்டோபர், மாலை 5:30

விசைப்பலகை. இந்த இழையிலேயே பெரிய பகுதி இது.

இரண்டு வழி உண்டு. ஸ்வேயின் எக்ஸ்கேபி (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற பட்டியல்) அமைப்பிலேயே தமிழ்99 விசையமைப்பு இருக்கிறது, இந்தியப் பிரிவில். கூடுதல் நிரல் எதுவும் வேண்டாம், மிகக் குறைவு. பார்த்தவுடன் ஆசை வரும். எடுக்காதீர்கள்.

தமிழ்99-இன் உயிரே சூழலைப் பார்த்துப் புள்ளி வைப்பதில் இருக்கிறது. ம விசையை இருமுறை தட்டினால் முதல் ம-வின் மேல் புள்ளி தானாக விழ வேண்டும். "அம்மா" நாலு தட்டு: அ, ம, ம, ஆ. எக்ஸ்கேபிக்கு முந்தைய விசை எது என்ற நினைவே கிடையாது. ஒரு விசை, ஒரு எழுத்து. புள்ளியையும் காலையும் நீங்களே தனித்தனியாகத் தட்ட வேண்டும். அது தமிழ்99 அல்ல, அதன் படம் மட்டும்.

இரண்டாவது குழி இன்னும் ஆழம். எக்ஸ்கேபி தமிழில் இருக்கும்போது திரை பூட்டிக்கொண்டால், ஸ்வேலாக்கில் உங்கள் ஆங்கிலக் கடவுச்சொல்லும் தமிழாகவே போகும். "தவறு, தவறு" என்று சிவப்பு வளையம் காட்டும்.

ஆகவே எஃப்சிட்எக்ஸ்5, அதனுடன் எம்17என். எக்ஸ்கேபி அமெரிக்க ஆங்கிலத்திலேயே கிடக்கட்டும்.

செந்தூல் | 18 அக்டோபர், இரவு 7:00

எக்ஸ்கேபியில் மூன்றாவது குழியும் உண்டு அண்ணே. மோட்+எச் (மோட் என்பது வழக்கமாக விண்டோஸ் குறி விசை) போன்ற ஸ்வே குறுக்குவிசைகள் தமிழ் நிலையில் வேலை செய்யாது. எச் விசை அப்போது க என்று வருகிறதல்லவா. அந்த வழியிலேயே போவோம் என்பவர்கள் குறுக்குவிசை எழுதும் பைண்ட்சிம் வரிகளில் "--டு-கோட்" சேர்த்தால் தப்பலாம்.

பாயான்முனை | 18 அக்டோபர், இரவு 10:20

சரி. எஃப்சிட்எக்ஸ்5 அமைப்பு.

அதை அமைக்கும் வரைகலைக் கருவி க்யூட்டி நூலகங்களை (செயலிக்குச் சாளரம், பொத்தான் வரைபவை; ஜிடிகே அதே வேலைக்கான இன்னொன்று) இழுக்கும். கையாலேயே எழுதலாம். டாட்-கான்ஃபிக், எஃப்சிட்எக்ஸ்5, புரொஃபைல் என்ற கோப்பு. முதல் குழுவில் இரண்டு உருப்படி: முதலாவது கீபோர்டு-யுஎஸ். இரண்டாவது எம்17என், டிஏ, தமிழ்99 மூன்றையும் அடிக்கோடால் இணைத்த பெயர். எஃப்சிட்எக்ஸ்5 ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கோப்பைத் திருத்தாதீர்கள். நிற்கும்போது தன் நினைவில் இருப்பதை மேலே எழுதிவிட்டுப் போகும், உங்கள் திருத்தம் காணாமல் போகும். நிறுத்தி, திருத்தி, மறுபடி தொடங்குங்கள்.

ஸ்வே கோப்பில் "எக்ஸெக் எஃப்சிட்எக்ஸ்5 -டி" ஒரு வரி.

சூழல் மாறிகளை (செயலிகள் தொடங்கும்போது படிக்கும் அமைப்புகளை) டாட்-கான்ஃபிக் அடைவில் என்விரான்மென்ட்.டி உள்ளே வையுங்கள். எக்ஸ்மாடிஃபயர்ஸ் (பழைய எக்ஸ் செயலிகளுக்கு), க்யூட்டி-ஐஎம்-மாட்யூல் (க்யூட்டி செயலிகளுக்கு, எஃப்சிட்எக்ஸ்5-ஃப்ரண்ட்எண்ட்-க்யூட்டி6 பொதியோடு). ஜிடிகே மாறியை அமைக்க வேண்டாம். ஜிடிகே செயலிகள் வேலண்டின் சொந்த உள்ளீட்டு நெறிமுறையிலேயே பேசிக்கொள்ளும்.

தமிழ்99 பழகாதவர்களுக்கு எம்17என்னில் பொனெட்டிக் என்ற ஒலிப்பு முறையும் இருக்கிறது. இங்கே மலேசியாவில் பலர் ஒலிப்பு முறைக்காரர்கள். முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இந்த ஊரில் போட்ட வித்து அது. தமிழ்99 பிறந்தது 1999-இல், சென்னை மாநாட்டில். இரண்டில் எது கைக்கு வருகிறதோ அது.

பாயான்முனை | 19 அக்டோபர், காலை 8:00

திருத்தம். நேற்று சூழல் மாறிகளை என்விரான்மென்ட்.டி-இல் வைக்கச் சொன்னேன். நம் அமைப்புக்கு அது தவறு. அந்த அடைவைப் படிப்பது சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளைத் தொடங்கும் நிரல்) பயனர் சேவை. நாமோ முனையத்திலிருந்து ஷெல் (தட்டும் கட்டளையைப் படிக்கும் நிரல்) வழியாக ஸ்வேயைத் தொடங்குகிறோம். அதன் காதுக்கு அந்த மாறிகள் எட்டாது. டாட்-புரொஃபைலில், ஸ்வேயைத் தொடங்கும் வரிக்கு மேலே, எக்ஸ்போர்ட் என்று எழுதுங்கள். ஸ்வேக்குள் ஒரு முனையம் திறந்து என்வ் கட்டளையால் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

துறைமுகம் | 19 அக்டோபர், பிற்பகல் 3:10

ஃபயர்ஃபாக்ஸில் தமிழ் வருகிறது! "அம்மா" நாலே தட்டு. ஆனால் லிப்ரெஆஃபிஸில் ஒன்றுமே நடக்கவில்லை.

பாயான்முனை | 19 அக்டோபர், பிற்பகல் 3:25

லிப்ரெஆஃபிஸ்-ஜிடிகே3 பொதி இல்லை. பரிந்துரைகளைத் தவிர்த்து நிறுவியிருப்பீர்கள். அது இல்லாமல் பழைய எக்ஸ் முகத்தோடு திறந்திருக்கிறது. பட்டியலும் பொத்தானும் பழங்காலச் சாம்பல் நிறத்தில் இருந்தால் அதுதான் அடையாளம். போட்டுவிட்டுத் திறந்து பாருங்கள்.

துறைமுகம் | 19 அக்டோபர், பிற்பகல் 3:41

வந்தது அண்ணே.

செந்தூல் | 20 அக்டோபர், காலை 10:00

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்து. முறுக்கு எண்ணெய்க் கையோடு விசைப்பலகையைத் தொட வேண்டாம்.

பாயான்முனை | 22 அக்டோபர், இரவு 9:15

கடிகாரம். ஸ்வேயின் சொந்தப் பட்டையே போதும் என்பவர்களுக்கு. இயல்புக் கோப்பில் ஒரு சுழல்: தேதியைக் காட்டு, ஒரு விநாடி தூங்கு. நிமிடம் மட்டும் காட்டும் பட்டைக்கு ஒரு விநாடிக்கு ஒரு முறை எழுவது வீண். தூக்கத்தை 60 ஆக்குங்கள்.

பாயான்முனை | 23 அக்டோபர், காலை 6:30

60 என்று எழுதியது சரியில்லை. 12:00:50-க்குப் பட்டை தொடங்கினால் நிமிடம் மாறி 50 விநாடி கழித்துத்தான் கடிகாரம் மாறும். எப்போதும் பின்தங்கியே ஓடும். தூக்கம் "60 கழித்தல் இப்போதைய விநாடி" என்று இருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் எழும்.

இங்கே ஒரு முள். தேதிக் கட்டளையில் விநாடியைச் சதவீதக் குறி, பெரிய எஸ் என்று கேட்டால் 08, 09 என்று முன்சுழியோடு தரும். ஷெல் முன்சுழி உள்ள எண்ணை எட்டடிமான எண் என்று எடுத்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் 8-உம் 9-உம் கிடையாது. பிழை காட்டிச் சுழல் நின்றுவிடும், பட்டை உறைந்துவிடும். அதுவும் அந்த இரண்டு விநாடியில் கணக்கிட்டால் மட்டும். அதனால் பிடிபடவே நாளாகும். சதவீதக் குறிக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் ஒரு கழித்தல் குறி போடுங்கள், முன்சுழி போய்விடும்.

பாயான்முனை | 25 அக்டோபர், இரவு 8:40

எந்த மொழியில் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்று காட்டும் சின்ன அடையாளம். ஜினோமில் மூலையில் தெரியுமே, அது. இதை வேபாரில் செய்வது எளிது.

எஃப்சிட்எக்ஸ்5-ரிமோட் -என் என்று கேட்டால் இப்போதைய முறையின் பெயர் வரும். பெயரில் தமிழ்99 இருந்தால் "த", இல்லையென்றால் "ஆ" என்று அச்சிட ஐந்து வரி ஸ்கிரிப்ட். வேபாரில் ஒரு தனிக் கூறு: இன்டர்வெல் "ஒன்ஸ்", சிக்னல் 8. விநாடிக்கு விநாடி ஓட வேண்டாம், தட்டி எழுப்பினால் மட்டும் எழட்டும்.

மாற்றும் விசை இயல்பாகக் கண்ட்ரோல்+ஸ்பேஸ். நிரல் எழுதுகிறவர்களுக்கு அது உரைத் தொகுப்பான்களோடு மோதும். நான் மோட்+ஸ்பேஸ் வைத்திருக்கிறேன். ஸ்வேயில் அது ஏற்கெனவே மிதக்கும் சாளரங்களுக்குக் குவியத்தை மாற்றும் விசை, அந்த வரியை வேறு விசைக்கு நகர்த்துங்கள். புதிய வரி: எஃப்சிட்எக்ஸ்5-ரிமோட் -டி ஓட்டு, பிறகு பிகில் கட்டளையால் வேபாருக்கு ஆர்டிமின்+8 சைகை அனுப்பு.

இரண்டு கட்டளைக்கும் நடுவில் அரைப்புள்ளி போடாதீர்கள். ஸ்வே அரைப்புள்ளியையும் காற்புள்ளியையும் தன் கட்டளைப் பிரிப்பாக எடுத்துக்கொள்ளும். பிகில் என்பதைத் தன் கட்டளை என்று நினைத்துத் தெரியாது என்று சொல்லும். && போடுங்கள்.

வேபார் உயரத்தை 20 என்று வைத்துவிட்டு "த" வந்ததும் பட்டை தடிக்கிறதே என்று குழம்பவும் வேண்டாம். தமிழுக்கு மேலும் கீழும் இடம் கூடுதல். வேபாரை முனையத்திலிருந்து ஓட்டினால் எவ்வளவு குறைந்தபட்சம் வேண்டும் என்று அதுவே எச்சரிக்கையில் சொல்லும். அந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

செந்தூல் | 26 அக்டோபர், மதியம் 1:20

அண்ணே, அடையாளம் பொய் சொல்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் தமிழுக்கு மாற்றினேன், "த" வந்தது. முனையத்துக்குத் தாவினால் பட்டையில் "த", தட்டினால் ஆங்கிலம்.

பாயான்முனை | 26 அக்டோபர், இரவு 9:00

ஆம், அதை விட்டுவிட்டேன். எஃப்சிட்எக்ஸ்5 மொழி நிலையை ஒவ்வொரு உள்ளீட்டுப் பெட்டிக்கும் தனியாக வைத்திருக்கும். சாளரம் மாறும்போது நம் சைகை போவதில்லை, அடையாளம் பழையதையே காட்டும். டாட்-கான்ஃபிக், எஃப்சிட்எக்ஸ்5, கான்ஃபிக் கோப்பில் பிஹேவியர் பகுதியில் ஷேர்இன்புட்ஸ்டேட் என்பதை ஆல் ஆக்குங்கள். எல்லாச் சாளரத்துக்கும் ஒரே நிலை, பட்டை உண்மையைச் சொல்லும்.

முனையத்தில் எப்போதும் ஆங்கிலம் வேண்டும் என்று தனி நிலையை விரும்புகிறவர்களும் உண்டு. அவர்கள் இயல்பிலேயே விட்டுவிட்டு அடையாளத்தை எடுத்துவிடட்டும். தவறாகக் காட்டுகிற அடையாளத்தை வைத்துக்கொள்ளக் கூடாது.

பாயான்முனை | 28 அக்டோபர், காலை 7:00

இடவமைவு, அதாவது நாட்டுக்கும் மொழிக்கும் ஏற்ற தேதி, எண், பண வடிவம். இது நம் நாட்டுக்கே உரிய சிக்கல். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் தமிழுக்கு இந்தியா, இலங்கை இரண்டுதான் உண்டு. மலேசியத் தமிழ் இல்லை. முழுவதையும் தமிழ்-இந்தியா என்று வைத்தால் பணக்குறி ரூபாய் ஆகிவிடும். எண்ணும் லட்சக் கணக்கில் 1,00,000 என்று பிரியும். நமக்கு 100,000 வேண்டும், ரிங்கிட் வேண்டும்.

கலந்து வையுங்கள். டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லோக்கேல்ஸ் ஓட்டி ஆங்கிலம், தமிழ்-இந்தியா, மலாய்-மலேசியா மூன்றையும் உருவாக்குங்கள். எல்சி-டைம் தமிழ், அப்போது பட்டையில் "செவ்வாய்" என்று வரும். எல்சி-மானிட்டரி, எல்சி-நியூமரிக் இரண்டும் மலாய். எல்சி-மெசேஜஸ் ஆங்கிலம், ஏனென்றால் பிழைச்செய்தி பாதி தமிழ் பாதி ஆங்கிலமாக வந்தால் தேடிப் பார்க்க முடியாது. தமிழாக்கம் நிறைவடைந்தால் நான் முதல் ஆளாக மாற்றுவேன்.

எல்சி-ஆல் மாறியை மட்டும் எங்கும் அமைக்காதீர்கள். அது மற்ற எல்லாவற்றையும் மிதித்துவிடும்.

நேர வலயம் ஏசியா/கோலாலம்பூர். டைம்டேட்சிடிஎல் ஒரு வரி.

துறைமுகம் | 30 அக்டோபர், இரவு 10:10

முனையத்தில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் அசிங்கமாக இருக்கின்றன. "மொழிபெயர்ப்பு" என்பதில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. ஃபூட்டில் எழுத்துரு வரியில் நோட்டோவைச் சேர்த்தாயிற்று.

பாயான்முனை | 30 அக்டோபர், இரவு 10:45

இங்கே உங்கள் முதல் நாள் கணிப்பு பாதி சரி. முனையம் என்பது சம அளவுக் கட்டங்களின் பலகை. "மொ" யூனிகோடில் இரண்டு குறியீடு, இரண்டு கட்டம். வரையும்போதோ கொம்பு, ம, கால் என்று மூன்று உருவம். எந்தக் கட்டத்தில் எதை வைப்பது? பல முனையங்கள் குறியீட்டைத் தனித்தனியாக வைத்து உடைத்துவிடும். ஃபூட் கொத்தாக எடுத்துக் கோர்க்கிறது, அதனால் உடையாது. ஆனால் ணை, ஔ மாதிரி அகலமான எழுத்துகள் கட்டத்தை மீறிப் பக்கத்தில் ஏறும். ஜினோமின் முனையத்திலும் இது தீரவில்லை, அதனால் பெரிய சூழலுக்குப் போவதால் பயன் இல்லை.

செய்யக்கூடியது: ஃபூட்டின் எழுத்துரு வரியில் தமிழை ஒரு புள்ளி சிறிதாக வையுங்கள். ஆங்கிலம் 11 என்றால் தமிழ் 10. ஏறுவது குறையும். தமிழில் நீளமாக எழுதுவதை முனையத்துக்குள் செய்யாதீர்கள். மவுஸ்பேட், ஜியானி மாதிரி பாங்கோ வழி வரையும் தொகுப்பான் ஒன்று போதும்.

செந்தூல் | 2 நவம்பர், காலை 11:30

புதிதாகக் கிளம்பிய சிக்கல். ஸ்வே கோப்பைச் சுத்தமாக முதலிலிருந்து எழுதினேன், 60 வரிதான். இப்போது உள்நுழைந்ததும் முதல் ஜிடிகே செயலி திறக்க இருபது விநாடிக்கு மேல் ஆகிறது. உலாவியில் திரைப் பகிர்வும் போய்விட்டது.

பாயான்முனை | 2 நவம்பர், மதியம் 12:15

கடைசி வரியைத் தூக்கிவிட்டிருப்பீர்கள். டெபியனின் இயல்புக் கோப்பின் முடிவில் "இன்குளூட்" என்று ஒரு வரி, இடிசி அடைவில் ஸ்வே உள்ளே கான்ஃபிக்.டி-இல் உள்ளதையெல்லாம் படி என்று. அதில் இருக்கும் ஒரு கோப்புதான் வேலண்ட் காட்சியின் பெயரை டிபஸ்ஸுக்கும் (செயலிகள் ஒன்றோடொன்று பேசும் வழி) சிஸ்டம்டிக்கும் சொல்லிவைக்கிறது. சொல்லாவிட்டால் போர்ட்டல் சேவை (திரைப் பகிர்வு போன்றவற்றைச் செயலிகளுக்குத் தருவது) எந்தத் திரையில் எழுவது என்று தெரியாமல் விழும். செயலி அதன் பதிலுக்குக் காத்திருந்து, நேரம் முடிந்த பிறகுதான் திறக்கும். அந்த இருபது விநாடி அதுதான். வரியைத் திருப்பிப் போடுங்கள்.

பகிர்வு வந்ததும் முழுத் திரைதான் பகிரப்படும், தனிச் சாளரம் அல்ல. கூட்டத்துக்கு முன் தனிப் பணித்தளத்துக்குப் போய்விடுங்கள்.

செந்தூல் | 2 நவம்பர், மதியம் 12:31

அதே வரிதான். இப்போது உடனே திறக்கிறது.

பாயான்முனை | 5 நவம்பர், இரவு 9:20

நினைவகம் பற்றித் தனிமடலில் கேட்டவர்களுக்கு. சின்ன மேசை சில நூறு எம்பி மிச்சம் பிடிக்கும், உண்மை. ஆனால் உலாவியில் பத்து தாவல் திறந்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும். 4 ஜிபி கணினி வைத்திருப்பவர்கள் சாளர மேலாளரைக் குறை சொல்லும் முன் நினைவகத்தில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம்-டூல்ஸ் போடுங்கள். இடிசி, டிஃபால்ட், இசட்ரேம்ஸ்வாப் கோப்பில் ஆல்கோ இசட்எஸ்டிடி, பெர்சன்ட் 50. சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

திரைப்பூட்டு: ஸ்வேஐடில் வரியில் 300 விநாடிக்கு ஸ்வேலாக் -எஃப். "உறங்கும் முன்" என்பதற்கும் அதே. -எஃப் இல்லாமல் எழுதினால் ஸ்வேலாக் பின்னணிக்குப் போகாது. ஸ்வேஐடில் -டபிள்யூ அதன் முடிவுக்காகக் காத்திருக்கும். மூடியை மூடிச் சில விநாடி கழித்துத்தான் உறங்கும்.

நம் ஊர் வெப்பத்துக்கு மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் டிஎல்பி போடுவது நல்லது. வீட்டில் எப்போதும் மின்னிணைப்பிலேயே இருக்கும் திங்க்பேடுக்கு, மின்கலத்தை 75-இல் ஏற்றத் தொடங்கி 80-இல் நிறுத்தச் சொல்லி அதன் கோப்பில் இரண்டு வரி. முழுக்க நிரம்பிய மின்கலமும் சூடும் சேர்ந்தால் ஆயுள் வேகமாகக் குறையும்.

பாயான்முனை | 9 நவம்பர், காலை 8:30

அமைப்புக் கோப்புகளைக் காப்பாற்றி வைக்க ஸ்டோவும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டும். ஒரு அடைவில் ஸ்வே, வேபார், ஃபூட், ஃபான்ட்கான்ஃபிக், எஃப்சிட்எக்ஸ்5 ஐந்தும். ஸ்டோவ் அவற்றுக்குச் சுட்டி இணைப்பு போடும். ஏற்கெனவே அசல் கோப்பு இருந்தால் மறுக்கும். அப்போது "--அடாப்ட்" போடச் சொல்வார்கள். கவனம்: அது கணினியில் இருக்கும் கோப்பை உங்கள் களஞ்சியக் கோப்பின் மேல் எழுதிவிடும். முதலில் எல்லாவற்றையும் கிட்டில் கமிட் செய்துவிட்டு அடாப்ட் போடுங்கள். பிறகு கிட் டிஃப் பார்த்து வேண்டாததைத் திருப்புங்கள்.

எஃப்சிட்எக்ஸ்5-இன் புரொஃபைலை மட்டும் சுட்டியாக வைக்காதீர்கள், நகல் போதும். அது தன் கோப்பை அடிக்கடி தானே திருப்பி எழுதும் என்று 18-ஆம் தேதி எழுதியதை நினைவில் வையுங்கள்.

துறைமுகம் | 12 நவம்பர், இரவு 8:05

மூன்று வாரமாக இதிலேயே எழுதுகிறேன். முதல் பதிவில் ஜினோம்தான் கதி என்றதைத் திரும்பப் பெறுகிறேன். முனையம் தவிர. ஒரு கேள்வி பாக்கி: யூஎஸ்பி குச்சி மாட்டினால் தானாகத் திறப்பதில்லை.

பாயான்முனை | 12 நவம்பர், இரவு 8:30

யுடிஸ்க்ஸ்2 பொதி போடுங்கள். யுடிஸ்க்ஸ்சிடிஎல் மவுண்ட் -பி, அதன் பின் எல்எஸ்பிஎல்கே காட்டும் வட்டுப் பிரிவின் (பார்ட்டிஷன்) பெயர். சூடோ தேவையில்லை. எடுக்கும் முன் அதே கட்டளையில் மவுண்ட்டுக்குப் பதில் அன்மவுண்ட், பிறகு பவர்-ஆஃப்.

பவர்-ஆஃப்புக்குக் கொடுக்கும் பெயர் பிரிவின் பெயர் அல்ல, கடைசி எண் இல்லாத வட்டின் பெயர்.